‘சரி’ என்பதன் விலை

ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு நான் பார்க்கும் வேலைக்குச் சம்பளம் கிடையாது. கிழக்கு லண்டனில் நண்பன் ஒருவன் சின்னதாக ஒரு நடன இசை லேபிள் நடத்துகிறான். வருடத்துக்கு நாலைந்து வெளியீடு, பெரும்பாலும் கைக்காசு. அந்த லேபிளுக்கு வந்து குவியும் டெமோக்களை முதலில் கேட்டு, அவன் காதுக்குப் போக வேண்டியவை எவை என்று பிரித்து வைப்பது என் பொறுப்பு. பெரிய நிறுவனங்களில் இதற்கென்றே ‘ஏ அண்ட் ஆர்’ என்று ஒரு பிரிவு இருக்கும். இங்கே அந்தப் பிரிவு நானும் என் மடிக்கணினியும்தான்.

கடிதத்தைப் பார்த்தாலே ஆளை ஓரளவு பிடித்துவிடலாம். ஒரே மின்னஞ்சலில் நாற்பது லேபிள்களின் முகவரியையும் எல்லாரும் பார்க்கும்படி போட்டு அனுப்புகிறவர்கள் உண்டு. வேறொரு லேபிளின் பெயரைச் சொல்லி, ‘சின்ன வயதிலிருந்தே உங்கள் வெளியீடுகள் என்றால் எனக்கு உயிர்’ என்று எழுதுகிறவர்களும் உண்டு. தனி லிங்காக அனுப்புங்கள், கோப்பை இணைக்காதீர்கள், வேலை முடிந்த டிராக்கை மட்டும் அனுப்புங்கள், இரண்டு மூன்றுக்கு மேல் வேண்டாம் என்று அநேகமாக எல்லா லேபிள்களும் எழுதி வைத்திருக்கின்றன. அதைப் படித்துவிட்டு அனுப்புகிறவர்கள் பாதிப் பேராவது இருப்பார்களா என்பது சந்தேகம். இன்னும் சிலர், ‘மிக்ஸிங் சரியில்லை, பொறுத்துக்கொள்ளுங்கள்’ என்றே தொடங்குவார்கள். இவர்கள்மேல் எனக்குக் கொஞ்சம் பிரியம் உண்டு. ஆனால் பாட்டு ஆரம்பிக்கும் முன்பே குறை தேடும் வேலையை என் காதுக்குக் கொடுத்துவிடுகிறார்கள்.

எந்த வகையானாலும் கடைசி வரி ஒன்றுதான். பிடிக்காவிட்டாலும் பரவாயில்லை, ஒரு வரி பதில் போடுங்கள்.

இனி, நான் கேட்கும் லட்சணம். சவுண்ட்கிளவுடில் ஒரு டிராக்கைத் திறந்தால் ஒலியின் உருவம் மேடும் பள்ளமுமாகக் கோடுகளில் தெரியும். எங்கே அடங்குகிறது, எங்கே மறுபடி வெடிக்கிறது என்பதெல்லாம் காதுக்கு முன்பே கண்ணுக்குத் தெரிந்துவிடும். நான் முதலில் தட்டுவது அந்த வெடிப்புக்குச் சற்று முன்னால். அங்கே இருபது வினாடி. பிடித்துப்போனால் ஆரம்பத்துக்குப் போய் முழுக்கக் கேட்பேன். இல்லாவிட்டால் அடுத்தது.

ஆரம்பத்திலேயே தொடங்கினால் என்ன என்று கேட்கலாம். ஆரம்பத்தில் ஒன்றும் இருக்காது. இருக்கவும் கூடாது. கிளப்புக்காகச் செய்யும் டிராக்கின் முதல் பகுதி டிஜேவுக்கானது. ஓடிக்கொண்டிருக்கும் ஒன்றின்மேல் இதை ஏற்றி, தாளம் பிசகாமல் இரண்டையும் கலக்க அவருக்கு இடம் வேண்டும். அதனால் கிக் டிரம்மும் ஹைஹேட்டும் மட்டும் போய்க்கொண்டிருக்கும். நிமிடத்துக்கு 128 அடி என்று வேகத்தை வைத்துக்கொள்ளுங்கள், இந்த இசையில் அது மிகச் சாதாரண வேகம். நாலடி ஆவர்த்தனம் 32 போனால் 128 அடி. ஆக முதல் ஒரு நிமிடம் முழுக்க வெறும் தாளம். ஆள் நிறைந்த இருட்டறையில் அந்த ஒரு நிமிடத்துக்குத் தனி மதிப்பு உண்டு. என் சாப்பாட்டு மேசையில் அது வெறும் காத்திருப்பு.

பேஸ் விஷயம் இதைவிட மோசம். இந்த இசையின் உயிர் நாடி 40, 50 ஹெர்ட்ஸ் பக்கத்தில் ஓடுகிறது. அதைக் காதால் கேட்பதைவிட நெஞ்சுக்கூட்டில் வாங்கிக்கொள்கிறோம் என்பதுதான் உண்மை. மடிக்கணினியில் இருக்கும் பொத்தான் அளவு ஸ்பீக்கரால் அந்த ஒலியை எழுப்பவே முடியாது. ஹெட்ஃபோனில் கொஞ்சம் கிடைக்கும், ஆனால் உடம்பில் விழாது. பாயசத்தை ஆறவைத்து, முந்திரியையும் திராட்சையையும் பொறுக்கி எடுத்துவிட்டு, ஒரு சொட்டு நாக்கில் விட்டுப் பார்த்து மதிப்பெண் போடுகிற மாதிரியான காரியம் இது.

இது தெரிந்த கெட்டிக்காரர்கள் டெமோவை டெமோவுக்காகவே செய்கிறார்கள். வெடிப்பை முதல் நிமிடத்துக்குள் கொண்டுவந்துவிடுகிறார்கள். சின்ன ஸ்பீக்கரிலும் எடுபடும்படி பேஸுக்கு மேல் ஸ்தாயியில் ஒரு கரகரப்பு சேர்க்கிறார்கள். டிராக்குக்கு அது கெடுதல் என்று சொல்லமாட்டேன். சில சமயம் நல்லதுகூட. ஆனால் எங்கோ ஒரு அறையில் இரவு இரண்டு மணிக்கு ஆடப்போகிறவர்களை நினைத்துச் செய்ய வேண்டிய ஒன்றை, மதியத் தூக்கத்தோடு போராடிக்கொண்டிருக்கும் என்னை நினைத்துச் செய்கிறார்களே என்று இருக்கும். என்னைத் திருப்திப்படுத்தி என்ன ஆகப்போகிறது? எனக்குப் பிடித்துவிட்டால் நான் எதை இழக்கிறேன்? ஒன்றுமில்லை. பிடிக்காவிட்டாலும் ஒன்றுமில்லை. இந்த ‘ஒன்றுமில்லை’தான் கொஞ்ச காலமாக என்னைக் குடைந்துகொண்டிருக்கிறது. கதை எழுதிப் பத்திரிகைக்கு அனுப்புகிறவர், படம் வரைந்து கண்காட்சிக்கு அனுப்புகிறவர், வேலைக்கு விண்ணப்பிக்கிறவர், எல்லாரும் யாரோ ஒருவருடைய ‘சரி’க்காகக் காத்திருக்கிறோம். யாருடைய ‘சரி’ அந்தக் காத்திருப்புக்குத் தகுதியானது?

டெமோ என்பது எப்போதும் இப்படி இருந்ததில்லை.

சிகாகோவில் மியூசிக் பாக்ஸ் என்று ஒரு கிளப் இருந்தது. 1980-களின் நடுப்பகுதி. அங்கே டிஜே ரான் ஹார்டி. அந்த ஊர்ப் பையன்கள் வீட்டில் டிரம் மெஷினை வைத்துச் செய்ததை கேசட்டில் பதிந்து நேராக அவர் கையில் கொடுப்பார்கள். அவருக்குப் பிடித்தால் அன்றிரவே ஓடும். டிஜே பியர், ஸ்பாங்கி, ஹெர்ப் ஜே என்ற மூவர் ஃபியூச்சர் என்று பெயர் வைத்துக்கொண்டு ஒரு கேசட்டோடு போனார்கள். அதில் இருந்தது ரோலண்ட் டிபி-303 என்ற சின்னப் பெட்டி போட்ட சத்தம். தனியாக கிதார் பயிற்சி செய்கிறவர்களுக்குத் துணையாக பேஸ் வாசிக்கட்டும் என்று ஜப்பானில் செய்த கருவி அது. நிஜ பேஸ் கிதார் மாதிரி ஒலிக்காததால் விலைபோகவில்லை. 1984-ல் தயாரிப்பையே நிறுத்திவிட்டார்கள். பழைய சாமான் கடையில் மலிவாகக் கிடைத்ததை ஸ்பாங்கி வாங்கி வந்திருந்தார். சரியாக இயக்கத் தெரியாமல் பியர் அதன் திருகுகளைத் திருகத் திருக, அழுவதும் கத்துவதும் குழைவதுமாக ஒரு சத்தம் வந்தது. அதையே பதினொரு நிமிடத்துக்கு மேல் பதிந்து வைத்தார்கள்.

ரான் ஹார்டி ஓட்டினார். ஆடுதளம் காலியானது.

இதற்குப் பிறகு நடந்ததைத்தான் அந்த மூவரும் காலமெல்லாம் சொல்லி வந்திருக்கிறார்கள். அவர் கேசட்டைத் திருப்பிக் கொடுக்கவில்லை. கூட்டம் திரும்பச் சேரும்வரை பொறுத்திருந்து மறுபடி ஓட்டினார். பிறகு மறுபடியும். அதே இரவில் நான்காவது முறை ஓட்டியபோது கூட்டத்துக்கு வெறி பிடித்துவிட்டது. அந்த கேசட்டின் நகல்கள் ஊரெல்லாம் சுற்றின. செய்தவர்கள் பெயர் யாருக்கும் தெரியவில்லை. ‘ரான் ஹார்டியின் ஆசிட் டிராக்’ என்றே பெயர் ஆகிவிட்டது. 1987-ல் டிராக்ஸ் ரெக்கார்ட்ஸ் அதை ‘ஆசிட் டிராக்ஸ்’ என்று தட்டாக வெளியிட்டது. ஆசிட் ஹவுஸ் என்ற வகையே அதிலிருந்து கிளம்பியது.

இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் பொதுவாக மேதைமையைப் பற்றிப் பேசுவார்கள். எனக்கு அந்த இரண்டாவது முறைதான் பெரிதாகப் படுகிறது. முதல் முறை ஓட்டியது ஆர்வம் என்று வைத்துக்கொள்ளலாம். கண்ணெதிரே தளம் காலியான பிறகு அதே இரவில் மறுபடி ஓட்டுகிறவர் தன் பெயரைப் பணயம் வைக்கிறார். டிஜேவுக்கு ஆடுதளம்தான் பிழைப்பு. முன்பின் தெரியாத மூன்று பையன்களின் சத்தத்துக்காக அவர் அன்று கூட்டத்தை மூன்று முறை துரத்தத் தயாராக இருந்திருக்கிறார். நான் இருபது வினாடி கொடுக்கிறேன். அந்தப் பதினொரு நிமிடத்தில் எந்த இருபது வினாடியைத் தொட்டிருந்தாலும் அடுத்ததற்குத்தான் போயிருப்பேன். சந்தேகமே வேண்டாம்.

அதே ஊரில் மார்ஷல் ஜெஃபர்சன் தபால் நிலைய ஊழியர். 1986-ல் வெளிவந்த அவருடைய ‘மூவ் யுவர் பாடி’ இன்று ஹவுஸ் இசையின் தேசிய கீதம் மாதிரி. ஆனால் டிராக்ஸ் முதலாளி லாரி ஷெர்மன் முதலில் அதை வெளியிடத் தயங்கினார். பியானோ வருகிறது, இது ஹவுஸ் இசையே அல்ல என்பது அவர் வாதம் என்று ஜெஃபர்சன் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். அதற்குள் டிராக் கேசட்டாகவே கிளப்புகளில் பிரபலம். ஷெர்மனை நான் முழுக்கக் குறை சொல்லமாட்டேன். அவர் தட்டு அச்சடித்து விற்கிற மனிதர். விற்காத தட்டு கிடங்கில் கிடக்கும். (பழைய தட்டுகளை உருக்கித்தான் புதியவற்றை அச்சடித்தார் என்பதால் டிராக்ஸ் தட்டுகளில் எண்ணெயில் கடுகு பொரிகிற சத்தம் இலவசம்.) தன் பணம் போகும் என்ற பயத்தில் தயங்குகிறவருடைய ‘வேண்டாம்’ தவறாக இருக்கலாம். ஆனால் அதற்கும் ஒரு கனம் உண்டு.

டெட்ராய்டில் நடன இசை செய்துவந்த ஹுவான் ஆட்கின்ஸ், டெரிக் மே, கெவின் சாண்டர்சன் மூவரும் இன்னொரு வழியில் போனார்கள். ஆட்கின்ஸ் 1985-ல் மெட்ரோபிளெக்ஸ் என்று சொந்த லேபிளே தொடங்கினார். அடுத்து டெரிக் மே டிரான்ஸ்மாட், பிறகு சாண்டர்சன் கேஎம்எஸ். ‘சொந்தமாகச் செய்’ என்று இதை இன்றைக்கு இளைஞர்களுக்கு அறிவுரையாகச் சொல்கிறார்கள். அன்று அவர்கள் செய்தது வெறும் தன்னம்பிக்கைக் காரியம் அல்ல. தட்டு அச்சடிக்கக் கைப்பணம் போட வேண்டியிருந்தது. தங்கள் டிராக்குக்குத் தாங்களே ‘சரி’ சொல்லி, அதற்கான விலையையும் தாங்களே கட்டினார்கள்.

நான் லண்டன் வந்து சேர்ந்த 1990-களில் இங்கே ஜங்கிள், டிரம் அண்ட் பேஸ் என்ற நடன இசை வகைகளின் காலம். டெமோவை டேட் என்ற டிஜிட்டல் நாடாவில் பதிந்து டிஜேவிடம் கொடுப்பார்கள். டிஜேவுக்குப் பிடித்தால் அவர் அதை எடுத்துக்கொண்டு வடக்கு லண்டனில் மியூசிக் ஹவுஸ் போன்ற இடத்துக்குப் போவார். அங்கே வெள்ளிக்கிழமைகளில் பெரிய பெரிய டிஜேக்கள் வரிசையில் உட்கார்ந்திருப்பார்கள். அரக்குப் பூச்சுப் போட்ட அலுமினியத் தட்டில் அந்த டிராக்கை ஒரே ஒரு பிரதி வெட்டித் தருவார்கள். டப்பிளேட் என்று பெயர். ஜமைக்காவின் சவுண்ட் சிஸ்டம்காரர்களிடமிருந்து வந்த பழக்கம். ஊசி ஒவ்வொரு முறை ஓடும்போதும் பூச்சு கொஞ்சம் தேயும். சில பல இரவுகளுக்குள் தட்டு செத்துவிடும். தேயப்போகும் தட்டுக்கு, அதுவும் அடுத்தவர் டிராக்குக்கு, டிஜே தன் சட்டைப்பையிலிருந்து காசு கொடுத்தார். ஒரு புதுப் பையனின் டிராக்கை ஒரு டிஜே டப்பிளேட்டாக வெட்டியிருக்கிறார் என்ற செய்தி வாரக் கடைசிக்குள் ஊரெல்லாம் தெரிந்துவிடும். பாராட்டு மழை எல்லாம் அதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை.

இப்போது டப்பிளேட் வெட்டுகிறவர்கள் அபூர்வம். பீட்போர்ட் என்ற இணைய இசைக்கடை 2004-ல் வந்தது. கோப்பாக வாங்கு, கோப்பாக ஓட்டு. நல்ல மாற்றம்தான். நைரோபியில் இருப்பவரும் நாவலப்பிட்டியில் இருப்பவரும் அன்றே அனுப்பலாம், அன்றே கேட்கலாம். ஆனால் தட்டு அச்சடிக்கத் தேவையில்லாத லேபிளுக்குச் ‘சரி’ சொல்ல ஒரு காசு செலவில்லை. அதன் விளைவு இரண்டு வகையில் தெரிகிறது. ஒன்று, வருவதையெல்லாம் ஏற்றுக்கொள்ளும் லேபிள்கள். எனக்குத் தெரிந்த பையன் ஒருவனுக்கு அப்படி ஒரு ‘சரி’ வந்தது. வீட்டில் கேக் வெட்டினார்கள். ஒப்பந்தத்தில் மாஸ்டர் உரிமை அவர்களுக்கு, வருமானத்தில் செலவு போக பாதி இவனுக்கு, ஆனால் குறிப்பிட்ட தொகை சேர்ந்தால்தான் கைக்கு வரும். ஐம்பது டிராக் கொண்ட ஒரு தொகுப்பில் நடுவில் எங்கோ இவன் டிராக்கைப் போட்டார்கள். அந்தத் தொகை இன்றுவரை சேரவில்லை. அந்த லேபிளில் யாராவது அதை முழுதாக ஒருமுறை கேட்டிருப்பார்களா என்று அவன் என்னிடம் கேட்டான். எனக்குத் தெரிந்த பதில் அவனுக்கும் தெரிந்திருந்தது.

இன்னொன்று மௌனம். ‘சில வாரங்களுக்குள் பதில் வராவிட்டால் இல்லை என்று எடுத்துக்கொள்ளுங்கள்’ என்று பெரிய லேபிள்கள் முன்கூட்டியே அறிவித்துவிடுகின்றன. நியாயம்தான், வருகிற அளவு அப்படி. ஆனால் அனுப்பியவருக்கு அந்த மௌனத்தைப் படிக்கத் தெரியாது. தனி லிங்க் எத்தனை முறை ஓடியது என்ற எண் மட்டும் தெரியும். ஒன்று என்று காட்டினால், அந்த ஒன்று முழுக்கக் கேட்டதா, என்னைப் போல ஒருவன் நடுவில் தொட்டுவிட்டுப் போனதா? பூஜ்யமாகவே நின்றால் ஏதோ ஆறுதல், ஒன்றாகிவிட்டால் அதிலிருந்து தூக்கம் போய்விடுகிறது. பதிலே வராத ஒன்றுக்குள் அவரவர் தங்களைப் பற்றி ஏற்கனவே பயந்துகொண்டிருப்பதைத்தான் படித்துக்கொள்கிறார்கள். எனக்குத் திறமை இல்லை, வயதாகிவிட்டது, நான் இந்த ஊர்க்காரன் இல்லை. மறுமுனையில் உண்மையில் நடந்தது, சாம்பார் வாசனையோடு ஒருவன் தூங்கி வழிந்தது மட்டுமாக இருக்கலாம்.

அதனால்தான் நான் எல்லாருக்கும் பதில் போடுகிறேன். ‘இது எங்களுக்குச் சரிவராது’ என்று இரண்டே வரி. ஆச்சரியம் என்னவென்றால் அநேகமாக எல்லாரும் நன்றி சொல்லி எழுதுகிறார்கள். சிலர் ஒரு பத்தியே எழுதுகிறார்கள். இல்லை என்றவனுக்கு எதற்கு இத்தனை நன்றி என்று முதலில் விளங்கவில்லை. காத்திருப்பை முடித்து வைத்ததற்காக என்று இப்போது தோன்றுகிறது. காசு கட்டினால் இத்தனை வினாடியாவது கேட்டு, இரண்டு வார்த்தையாவது எழுதுவோம் என்று உறுதி தரும் சேவைகள்கூட வந்துவிட்டன. திட்டுவதற்கு மனம் வரவில்லை. கேட்கும் காதுக்கு அவ்வளவு பஞ்சம். ஆனால் அங்கேயும் விலை கட்டுகிறவர் அனுப்புகிறவர்தான், ‘சரி’ சொல்கிறவர் அல்ல.

மிகப் பெரிய ‘சரி’ கிடைத்தவர்கள் எல்லாம் நிம்மதியாக இருக்கிறார்களா என்றால் அதுவும் இல்லை. நெதர்லாந்தின் ஸ்பின்னின் ரெக்கார்ட்ஸ் ஒரு காலத்தில் ஒவ்வொரு புதுப் பையனும் கனவு கண்ட லேபிள். 2013-ல் அது வெளியிட்ட ‘அனிமல்ஸ்’ உலகம் முழுக்க ஓடியபோது மார்ட்டின் கேரிக்ஸுக்கு 17 வயது. இரண்டே வருடத்தில் அவர் அந்த லேபிளிலிருந்து விலகி நீதிமன்றத்துக்குப் போனார். தான் செய்த பதிவுகளின் உரிமை யாருக்கு என்பதுதான் தகராறு. 2017-ல் ஸ்பின்னினை வார்னர் மியூசிக் வாங்கிக்கொண்டது. இதற்கு மேல் அதைப் பற்றிச் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. வழக்குகள் என்னைக் கவர்வதில்லை.

என்னைக் கவர்வது சரண்ஜித் சிங். பம்பாயில் இந்தித் திரைப்பட இசைக்குழுக்களில் கிதார் வாசித்தவர். 1980-களின் தொடக்கத்தில் சில ஜப்பானிய மின்னிசைக் கருவிகளை வாங்கினார். அதே டிபி-303, கூடவே டிஆர்-808 டிரம் மெஷின், ஒரு ஜூபிடர்-8. வீட்டில் உட்கார்ந்து ராகங்களை அவற்றில் வாசித்துப் பார்த்தார். அந்த 303-ல் ஒரு ஸ்வரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிப்போக ஒரு வசதி உண்டு. நம் இசைக்கு வேண்டிய குழைவு அங்கே இயல்பாகவே கிடைத்தது. 1982-ல் எச்எம்வி அதை ‘டென் ராகாஸ் டு எ டிஸ்கோ பீட்’ என்று இசைத்தட்டாகவே வெளியிட்டது. பைரவ், யமன், மால்கௌன்ஸ் என்று பத்து ராகங்கள். நம் ஹிந்தோளம் தெரிந்தவர்களுக்கு அந்த மால்கௌன்ஸ் உடனே பிடிபடும், பிடிபட்ட கையோடு எங்கோ சிகாகோவுக்கும் கூட்டிப்போகும். ஃபியூச்சர் மூவரும் திருகுகளைத் திருகுவதற்கு முன்பே இந்த மனிதர் அதே பெட்டியில் அதே உலகத்துக்குள் போயிருக்கிறார். இவர் அவர்களுக்குத் தெரியாது, அவர்கள் இவருக்குத் தெரியாது.

தட்டு விற்கவில்லை. யாரும் பேசவில்லை. அவர் கல்யாணங்களிலும் கச்சேரிகளிலும் வாசிக்கப் போய்விட்டார். 2002-ல் எடோ பௌமன் என்ற டச்சுக்காரர் டெல்லியில் ஒரு பழைய தட்டுக்கடையில் அதைக் கண்டெடுத்து, சரண்ஜித் சிங்கைத் தேடிப்பிடித்து, 2010-ல் தன் லேபிளில் மறுபடி வெளியிட்டார். அதற்குப் பிறகு எழுபது வயதைத் தாண்டிய அந்த மனிதர் ஐரோப்பாவுக்குப் போய், ஆடும் கூட்டத்துக்கு முன்னால் அந்த ராகங்களை வாசித்தார். 2015-ல் காலமானார்.

இந்தியாவின் ஆகப்பெரிய இசைத்தட்டு நிறுவனத்தின் ‘சரி’ அவருக்கு 1982-லேயே கிடைத்துவிட்டது. டெமோ அனுப்பும் எந்தப் பையனும் கனவு காணும் ‘சரி’ அது. அது போதவில்லை. ஒருமுறை ஓட்டிக் காலியானால் மறுபடி ஓட்ட ஒரு ரான் ஹார்டி பம்பாயில் இல்லை. பௌமன் அந்த வேலையை 28 வருடம் கழித்து, ஆயிரக்கணக்கான மைல் தள்ளி இருந்து செய்தார். இதை நியாயம் கிடைத்த கதையாகச் சொல்கிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. நடுவில் போன வருடங்கள் அவருடையவை. அவற்றை யாரும் திருப்பிக் கொடுக்கவில்லை.

இதற்கு நேர்மாறாகத் தென் லண்டனில் ஒருவர். பரியல் என்ற பெயரில் இசை செய்கிறார். ஹைப்பர்டப் லேபிளை நடத்தும் கோட்9 என்கிற ஸ்டீவ் குட்மனுக்கு சிடிக்களைத் தபாலில் அனுப்பிக்கொண்டிருந்தார். எல்லாருக்கும் அல்ல, தன் உலகத்தைப் புரிந்துகொள்வார் என்று நம்பிய ஒருவருக்கு. ஆவர்த்தனக் கட்டங்களில் அடுக்கும் மென்பொருள்கூட அவரிடம் இல்லை. சவுண்ட் ஃபோர்ஜ் என்ற எளிய ஒலித் தொகுப்பு மென்பொருளில் அலைவடிவத்தைப் பார்த்துப் பார்த்தே தாளத்தை ஒட்டவைத்தார். தாளம் அங்கங்கே சற்றுத் தடுமாறும், அதுதான் அழகு. 2006-ல் முதல் ஆல்பம், 2007-ல் ‘அன்ட்ரூ’. 2008-ல் மெர்க்குரி இசைப் பரிசுக்கான இறுதிப் பட்டியலில் அவர் பெயர் வந்து, பத்திரிகைகள் துரத்திய பிறகுதான் தன் நிஜப் பெயரைச் சொன்னார். குட்மனுக்கு வந்த சிடிக்களை நினைத்தால் எனக்குப் பொறாமையாக இருக்கும். என் மேசைக்கு அப்படி ஒன்று வந்திருந்தால், தடுமாறும் தாளத்தைக் கேட்டதும் ‘இதைச் சரிசெய்து அனுப்புங்கள்’ என்று எழுதியிருப்பேனோ என்ற யோசனையும் கூடவே வரும்.

போன குளிர்காலத்தில் லீட்ஸில் படிக்கும் ஒரு பெண் ஒரே ஒரு டிராக் அனுப்பியிருந்தாள். கடிதம் மூன்று வரி. வழக்கம்போல் நடுவில் தட்டினேன். சின்னச் சின்னச் சொடுக்குகளும், யாரோ மூச்சு விடுவதும் தவிர ஒன்றுமில்லை. அடுத்ததற்குப் போக இருந்தேன். ஆனால் திரையில் கோடுகள் தடித்துப் பட்டையாகக் கிடந்தன. காதில் ஒன்றுமில்லை, கண்ணில் மட்டும் இவ்வளவு எப்படி? ஹெட்ஃபோனைப் போட்டேன். மடிக்கணினியால் தர முடியாத ஆழத்தில் ஒரு பேஸ், மெதுவாக, இரண்டே ஸ்வரத்தில், ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. நல்லதா இல்லையா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. நண்பனுக்கு அனுப்பி, எனக்குத் தெரியவில்லை என்றே எழுதினேன்.

அவன் முந்நூறு தட்டு அச்சடித்தால் இரண்டு மாத வாடகைப் பணம் போய்விடும். அதனால் எதையும் சட்டென்று சொல்லமாட்டான். வெள்ளிக்கிழமை இரவு ஹாக்னியில் ஒரு நிலவறை கிளப்பில் ஓட்டிப் பார்த்தான். நானும் போயிருந்தேன். எண்பது பேர் இருக்கலாம். பேஸ் நுழைந்ததும் பார் மேசையில் அடுக்கியிருந்த கண்ணாடிக் கோப்பைகள் ஒன்றோடொன்று உரசிச் சத்தம் போடத் தொடங்கின. அங்கே நின்ற பெண் இரண்டு கையாலும் அவற்றைப் பிடித்துக்கொண்டாள். பத்துப் பதினைந்து பேர் புகைபிடிக்க மேலே ஏறிப் போனார்கள். ஏழெட்டுப் பேர் ஸ்பீக்கரை நோக்கி நகர்ந்து, அதன் முகத்துக்கு நேரே நின்று கண்ணை மூடிக்கொண்டார்கள். மற்றவர்கள் ஆடுவதா வேண்டாமா என்று தெரியாமல் நின்றார்கள். ஒரு மணி நேரம் கழித்து அவன் அதையே மறுபடி ஓட்டினான். இந்த முறை போனவர்கள் குறைவு. வெறியெல்லாம் யாருக்கும் பிடிக்கவில்லை.

“நல்ல சாமான் மச்சான்,” என்றான், வெளியே வந்ததும். “ஆனா எங்கட லேபிளுக்குச் சரிவராது. நாங்கள் விடுற மற்றதுகளோட வைச்சா இது அநாதையா நிக்கும்.”

“அப்ப ஏன் ரெண்டாந்தரம் போட்டனி?”

“முதல் தரம் எனக்கே ஒழுங்கா விளங்கேல்ல.”

அந்த ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு வழக்கமான இரண்டு வரிக்குப் பதிலாக நடந்ததை எல்லாம் எழுதினேன். கோப்பைகள், மேலே ஏறிப் போனவர்கள், ஸ்பீக்கருக்கு முன்னால் நின்றவர்கள், இரண்டாவது முறை, கடைசியில் நாங்கள் வெளியிடப் போவதில்லை என்பது. இந்தச் சத்தத்தோடு சேர்ந்துபோகும் வேறு இரண்டு லேபிள்களின் பெயரையும் போட்டேன்.

அன்று இரவே பதில் வந்தது. லேபிள்களைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. எந்த ஸ்பீக்கர்கள், அறையின் கூரை உயரம் எவ்வளவு, இரண்டு தடவையும் இதற்கு முன்னால் ஓடியது எந்த டிராக் என்று கேட்டிருந்தாள். நண்பனைக் கூப்பிட்டேன். அவனுக்கு ஒன்றும் நினைவில்லை. யூஎஸ்பியில் அன்று ஓட்டியவற்றின் பட்டியல் இருக்கும், பார்த்துச் சொல்கிறேன் என்றான்.